எட்டு ஊர் கிளப்புக்காரர்களுக்கு

நீரோடி தொடங்கி இரையுமன்துறை வரையுள்ள கால்பந்துக் கழகங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர்மாருக்கும், பந்துக்குக் காற்றடித்துத் தருகிற பிள்ளைகளுக்கும்,

என்னை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பேர் தெரியாதவர்களுக்கும் விசில் சத்தம் தெரியும். நித்திரவிளைப் பக்கத்து ஆள். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கடற்கரைகளில் நடுவராக நின்று நீங்கள் ஏசிய ஏச்சையெல்லாம் காது நிறைய வாங்கியவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு சுழற்கோப்பை நடத்துகிறீர்களே, அதில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொண்டு எட்டு ஊரும் சேர்ந்து ஒரு லீக் நடத்துங்கள். ஒவ்வொரு ஊரும் மற்ற ஏழு ஊர்களோடு இரண்டு தடவை ஆட வேண்டும், ஒன்று சொந்த மண்ணில், ஒன்று அடுத்த ஊர் மண்ணில். ஓர் அணிக்கு 14 ஆட்டம், மொத்தம் 56. 'வாத்தியாருக்கு வேற வேலை இல்ல' என்று கடிதத்தை மடக்குவதற்கு முன், சென்னை சிட்டி எஃப்சி என்ற அணி 2018-19இல் ஐ-லீக்கில் ஆடிய ஆட்டத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது.

அந்த அணி 2016-17இல்தான் ஐ-லீக்குக்குள் வந்தது. பத்து அணிகளில் எட்டாம் இடம். அடுத்த வருஷமும் பத்தில் எட்டு. பெயரில் சென்னை இருந்தாலும் இரண்டாவது வருஷத்திலிருந்து ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். சென்னையில் சென்னையின் எஃப்சி ஐ.எஸ்.எல். ஆடிக்கொண்டிருந்தது, கூட்டமும் விளம்பரமும் டிவியும் அந்தப் பக்கம். ஆக, சொந்த ஊர் என்று ஒன்று சரியாக அமையாத, இரண்டு வருஷம் கடைசிக்குப் பக்கத்தில் கிடந்த அணி. அடுத்த வருஷம் இதுதான் சாம்பியன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் கடையில் டீ குடிப்பவர்கள் சிரித்திருப்பார்கள்.

நமக்கு அந்த எட்டாம் இடத்து அணியோடு ஓர் ஒட்டு உண்டு. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் அதில் நடுக்களத்தில் ஆடினான். (அவன் இன்றைக்குப் பெரிய ஆள், 'அவர்' என்றுதான் எழுத வேண்டும், ஆனால் இந்தக் கரையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.) 2017 நவம்பர் 29 அன்று சென்னை சிட்டி கோவாவில் இந்தியன் ஆரோஸ் அணியோடு அந்த சீசனின் முதல் ஆட்டத்தை ஆடியது. எதிரில் நின்றவர்கள் பெரும்பாலும் அதற்கு முந்தின மாதம் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய பிள்ளைகள். 3-0 என்று தோல்வி. மறுநாள் இங்கே ஒக்கிப் புயல். அதைப் பற்றி உங்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. உங்கள் கிளப் வாட்ஸப் குழுக்களில் அந்த வாரம் ஆட்ட முடிவு யாரும் போடவில்லை, படகு எண்களைத்தான் போட்டீர்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டாத வீடுகள் எத்தனை என்று இன்னும் நினைவிருக்கிறது. ஊர் அப்படிக் கிடக்கும்போது இந்தக் கரைப் பையன் ஒருவன் அந்த சீசன் முழுக்க ஆடினான். 2018 ஜனவரி 2 அன்று கொல்கத்தாவில் மோகன் பகானை 2-1 என்று சென்னை சிட்டி தோற்கடித்தது. அந்தத் தோல்வியோடு பகானின் பயிற்சியாளர் சஞ்சய் சென் பதவியை விட்டே போனார். எட்டாம் இடத்து அணிக்குள்ளும் இப்படி ஒரு நாள் இருந்தது.

பகானை அதன் ஊரில் போய் ஜெயித்தும் எட்டாம் இடம்தான். இது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். நம் கடற்கரை டூர்ணமெண்ட் கணக்கில் பார்த்தால் அன்றைக்குச் சென்னை சிட்டி அரையிறுதிக்குப் போயிருக்கும், பட்டாசு வெடித்திருக்கும், பகான் பெட்டியைக் கட்டியிருக்கும். லீக்கில் அதற்கு மூன்று பாயிண்ட், அவ்வளவே. மீதி ஆட்டங்களில் கோட்டைவிட்டதற்கு அந்த மூன்று பாயிண்ட் ஈடாகவில்லை.

இனி 2018-19. சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கு ஐ.எஸ்.எல். ஆடப் போய்விட்டான். நம்ம பையன் போன வருஷம் பார்த்துத்தான் கோப்பை வந்தது. இதைச் சொல்லி வள்ளவிளைக்காரர்கள் இரவிபுத்தன்துறைக்காரர்களை எவ்வளவு கேலி செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அணியைப் பிடித்தவர் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ். ஸ்பெயினிலிருந்து ஐந்து பேர்: கோலில் நவுசெட் சந்தானா, தடுப்பில் ராபர்தோ எஸ்லாவா, நடுவில் சாண்ட்ரோ, நெஸ்தர், முன்னால் பெத்ரோ மான்சி. இவர்களைச் சுற்றி எட்வின், அஜித்குமார், ரொமாரியோ, ஸ்ரீராம், சார்லஸ், விஜய், பிரவிட்டோ என்று பெரும்பாலும் தமிழ்நாட்டு லீக்குகளில் ஆடி வளர்ந்த பையன்கள். மற்ற அணிகள் பெயர்பெற்ற இந்திய ஆட்டக்காரர்களுக்குக் காசைக் கொட்டியபோது, இவர்கள் பந்தைத் தரையிலேயே வைத்துக் கைமாற்றிக் கைமாற்றிப் போகத் தெரிந்த பையன்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள். முதல் ஆட்டம் 2018 அக்டோபர் 26. முந்தின வருஷம் மூன்று கோல் போட்டு அனுப்பிய அதே இந்தியன் ஆரோஸ். 4-1. மான்சிக்கு மூன்று கோல். நவம்பரில் கொல்கத்தா போய் ஈஸ்ட் பெங்காலிடம் முதல் கோலை வாங்கிவிட்டு, சாண்ட்ரோவின் ஃப்ரீ கிக்கிலும் நெஸ்தரின் பெனால்டியிலும் 2-1. அப்புறம் டிசம்பர்க் குளிரில் ஸ்ரீநகர். அந்த வருஷம்தான் புதிதாக வந்த ரியல் காஷ்மீர் ஒரே கோலில் தோற்கடித்து அனுப்பியது. கோவை வெயிலில் பழகியவர்களைக் காஷ்மீர்க் குளிரில் ஆடச் சொன்னால் வேறென்ன நடக்கும். ஆனால் பாருங்கள், தோற்ற அணி வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஆட்டத்துக்குப் போனது.

ஜனவரியில் கோவையில் ஈஸ்ட் பெங்காலை மறுபடியும் 2-1. அன்றைக்கு அது பத்தோடு பதினொன்றாகத் தெரிந்தது. அது எவ்வளவு பெரிய ஆட்டம் என்று மார்ச் 9ஆம் தேதிதான் தெரிந்தது.

அந்த நாளைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மார்ச் 1 அன்று சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 என்று தோற்றதால் கோப்பை கைக்கு எட்டியும் கிட்டாமல் கடைசி நாள் வரை இழுத்துவிட்டது. 19 ஆட்டம் முடிந்து சென்னை சிட்டிக்கு 40 பாயிண்ட், ஈஸ்ட் பெங்காலுக்கு 39. சென்னை சிட்டி கோவையில் மினர்வா பஞ்சாபோடு. ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு. இரண்டும் ஒரே நேரத்தில். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்து, சென்னை சிட்டி ட்ரா செய்தால்கூட கோப்பை கொல்கத்தாவுக்கு. மினர்வா அதற்கு முந்தின வருஷத்துச் சாம்பியன். அந்த வருஷம் கீழே கிடந்தது, அதற்கு ஜெயிக்கவும் ஒன்றுமில்லை, தோற்கவும் ஒன்றுமில்லை. மூன்றாம் நிமிஷத்தில் ரோலண்ட் பிலாலா கோல் போட்டார். இடைவேளை வரை 0-1. ஸ்டேடியத்தில் பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கைபேசியில் கோழிக்கோட்டைப் பார்த்தார்கள்.

56ஆம் நிமிஷத்தில் பெனால்டி, மான்சி. 1-1. 69இல் கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர், 2-1. கிட்டத்தட்ட அதே நிமிஷத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் முன்னால் போயிற்று. சரி முடிந்தது என்று மூச்சுவிட்டால், அங்கே ஈஸ்ட் பெங்கால் பெனால்டியில் சமன் செய்து, கடைசி ஐந்து நிமிஷத்தில் இன்னொன்றும் போட்டு 2-1 ஆக்கிவிட்டது. இங்கே மினர்வா ஒரே ஒரு கோல் போட்டால் போதும், வருஷம் முழுக்கப் பட்ட பாடு வீண். காயநேரத்தில் மறுபடியும் அதே கௌரவ் போரா. 3-1. ஃபார்வர்டு ஒருவர் 21 கோல் போட்ட சீசனில் கோப்பையைக் கொண்டுவந்த இரண்டு கோலும் டிஃபெண்டரிடமிருந்து. மான்சிக்கு 21, சர்ச்சிலின் வில்லிஸ் பிளாசாவுக்கும் 21, ஆனால் நான் அந்த நாளை நினைத்தால் போராவின் முகம்தான் வருகிறது.

கடைசிக் கணக்கு: சென்னை சிட்டி 20 ஆட்டம், 13 வெற்றி, 4 ட்ரா, 3 தோல்வி, 43 பாயிண்ட். ஈஸ்ட் பெங்கால் 13 வெற்றி, 3 ட்ரா, 4 தோல்வி, 42. வெற்றி இரண்டு பேருக்கும் ஒன்றுதான் தம்பிமாரே. எங்கேயோ ஒரு மைதானத்தில், தோற்றிருக்க வேண்டிய ஓர் ஆட்டத்தைப் பல்லைக் கடித்து ட்ரா செய்தார்களே, அதில் வந்த ஒரு பாயிண்ட். அதுதான் தமிழ்நாட்டு அணி ஒன்று முதல்முறையாக ஐ-லீக்கை ஜெயித்த கதை.

இப்போது உங்கள் நோட்டீஸுக்கு வருகிறேன். இன்னாரின் நினைவுச் சுழற்கோப்பை, எழுவர் கால்பந்து, நாக்-அவுட் முறை, நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, இரண்டாம் பரிசு, நடுவர் தீர்ப்பே இறுதியானது. (இந்தக் கடைசி வரியை நீங்கள் அச்சடிப்பது எதற்கென்று எனக்கு இன்னும் புரியவில்லை.) 16 அணி வந்தால் எட்டு அணி ஓர் ஆட்டத்தோடு போகிறது. மழையில் பந்து நின்றுபோய், அல்லது பெனால்டி ஷூட்-அவுட்டில் ஒருவன் கால் சறுக்கி, ஒரு வருஷம் பயிற்சி எடுத்த பிள்ளைகள் 40 நிமிஷத்தில் முடிந்து ஐஸ் வாங்கித் தின்றுவிட்டுப் போகிறார்கள். ஜெயிக்க வேண்டும் என்ற வெறியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மலப்புறத்தில் செவன்ஸ் ஆடுகிறவனை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அங்கே கூலிக்கு ஆடுகிறவனை, ஒரு வாரத்துக்குக் காசு கொடுத்துக் கொண்டுவருகிறீர்கள். ஊர் ஜெர்சியில் ஊர்ப் பையன் மூன்று பேர். மற்றவன் கோட்டுக்கு வெளியே நின்று தண்ணீர் பாட்டில் பிடிக்கிறான். கோப்பை ஊருக்கு வரும், ஆட்டக்காரன் வரமாட்டான்.

செவன்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. சின்ன மைதானத்தில் ஏழு பேர் ஆடும்போது பந்து வேகமாகக் கால் மாறும், பையனுக்குக் கால்வேலை வரும். ஆனால் 90 நிமிஷம், 11 பேர், பெரிய மைதானம் என்று வந்தவுடன் நம் பிள்ளைகள் 60ஆம் நிமிஷத்தில் இடுப்பில் கை வைக்கிறார்கள். எங்கே நிற்க வேண்டும், எப்போது ஓடாமல் இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் செவன்ஸை அங்கீகரிப்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். தேர்வுக்குப் போகும் பையன் சொல்லிக்கொள்ள அவன் கையில் கோப்பை உண்டு, ஆட்டக் கணக்கு இல்லை. எத்தனை ஆட்டம் ஆடினாய், எந்த இடத்தில் ஆடினாய், எத்தனை நிமிஷம் என்று பயிற்சியாளர் கேட்டால் பையன் விழிக்கிறான்.

'அதெல்லாம் பெரிய ஊர்க்காரனுக்கு' என்பீர்கள். மிசோரமைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் அந்த மாநிலத்தில் சுமார் 11 லட்சம் பேர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சுமார் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். நாம் மாவட்டம், அவர்கள் மாநிலம். ஆனால் தலைக்கணக்கில் அவர்கள் நம்மைவிடச் சின்ன ஊர். 2012இல் மிசோரம் பிரீமியர் லீக் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். உள்ளூர்க் கேபிள் டிவியில் காட்டினார்கள். ஐந்தே வருஷத்தில், 2016-17இல், ஐஸ்வால் எஃப்சி ஐ-லீக் சாம்பியன். அவர்களுக்கு 37 பாயிண்ட், மோகன் பகானுக்கு 36. அங்கேயும் ஒரே பாயிண்ட். அதற்கு முந்தின சீசனில் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டு, சம்மேளனம் திரும்ப எடுத்துக்கொண்டதால் பிழைத்த அணி அது. மறுவருஷம் மினர்வா பஞ்சாப், முந்தின சீசனில் பத்தில் ஒன்பதாவது. அதற்கும் மறுவருஷம் சென்னை சிட்டி. மூன்று வருஷம் தொடர்ந்து கடைசி பெஞ்சுக்காரன்தான் முதல் மார்க். சின்ன அணியால் லீக்கில் ஜெயிக்க முடியாது, நாக்-அவுட்டில்தான் அதிர்ஷ்டம் அடிக்கும் என்று நம்மில் பலர் சொல்வார்கள். நடந்தது நேர் எதிர்.

நம் மாவட்டத்தில் லீக்கே இல்லையா என்று கேட்டால் நாகர்கோவில் பக்கம் பார்த்துக் கைகாட்டுவீர்கள். அங்கே அண்ணா ஸ்டேடியத்தில் ஆட்டம் வைத்தால் நீரோடிப் பையன் காலையில் பஸ் ஏறி, மத்தியானம் ஆடி, இருட்டிய பிறகு வீடு வர வேண்டும். அப்பன் கடலில் இருக்கும் வீட்டில் எந்த அம்மா அனுப்புவாள்? உங்கள் எட்டு ஊர் அப்படியா? ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆட்டோவில் போய்விடலாம். ஏ.வி.எம். கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே இவ்வளவு ஒடுக்கமாய், இவ்வளவு நெருக்கமாய், வீட்டுக்கு ஒரு பூட் வைத்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் வேறெங்கும் எனக்குத் தெரியாது. எல்லை தாண்டினால் பொழியூர், அதுவும் பந்து ஊர். இந்தியாவிலேயே லீக் நடத்த இதைவிட வசதியான இடம் உண்டா?

உங்கள் மறுப்புகள் எனக்குத் தெரியும்.

முதலாவது, கடல். ஆழ்கடல் படகு ஏறினால் ஆள் வர வாரங்கள் ஆகும். கொச்சியில் இறங்குவான், சில சமயம் குஜராத் பக்கம் இறங்குவான். சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஆள் லட்சத்தீவுக்கு மேற்கே நிற்பான். நியாயம். அதனால்தான் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன். 15 வயதுக்கும் 17 வயதுக்கும் உட்பட்டவர்கள் பள்ளிக்கூடம் போகிறவர்கள், கடலுக்குப் போகிறதில்லை, போகவும் கூடாது. அவர்களுக்கு ஜூலை தொடங்கி பிப்ரவரி வரை மாதம் இரண்டு சனிக்கிழமை போதும், 14 ஆட்டம் முடிந்துவிடும். பெரியவர்களுக்கு மேற்குக் கரைத் தடைக்காலம் இருக்கிறது: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். அப்போது ஆள் ஊரில். மழை என்பீர்கள். இடவப்பாதியில் பந்து நீந்தத்தான் செய்யும். ஆனால் அந்த மழையிலேதான் உங்கள் சுழற்கோப்பைகளும் நடக்கின்றன. அப்போது மட்டும் மழை தெரிவதில்லை. ஏழு ஆட்டம், ஒற்றைச் சுற்று, அந்த இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம். பெரியவர்களுக்கு இரண்டாம் சுற்று வேண்டாம்.

இரண்டாவது, மைதானம். இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. நான் முதலில் விசில் அடித்த கடற்கரைகளில் சிலவற்றை இப்போது கடல் தின்றுவிட்டது. கல் கொட்டியிருக்கிறார்கள், தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள், அதற்கும் இப்பால் மணல் ஒதுங்கினால் அதில் வலை காய்கிறது. எட்டு ஊருக்கு எட்டு முழு மைதானம் கிடையாது. ஆகவே 'சொந்த மண்' என்பதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்: நல்ல மைதானம் மூன்றோ நான்கோ தேறும், இரண்டு ஊர் ஒரு மைதானத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். சென்னை அணி கோவையில் ஆடிச் சாம்பியன் ஆகவில்லையா? பள்ளி, கல்லூரி மைதானங்களைக் கேட்டுப் பாருங்கள். தனித்தனியாகக் கேட்டால் 'ஒரு ஊருக்குக் கொடுத்தால் இன்னொரு ஊர் கோபிக்கும்' என்பார்கள்; எட்டு ஊரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் அந்தச் சாக்கு எடுபடாது.

மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டீர்கள், அடிதடி. ஒரு ஊர்க்காரன் இன்னொரு ஊர் மண்ணில் ஜெயித்துவிட்டுத் திரும்பி வருவது அவ்வளவு சுலபமில்லை. லைன்மேனைக் கடலுக்குள் இறக்கிய சம்பவமும் எனக்குத் தெரியும், அந்த லைன்மேனையும் தெரியும், அவர் இன்றைக்கும் கொடியைத் தொடுவதில்லை. ஆனால் அடிதடி ஏன் வருகிறது? நாக்-அவுட்டில் அந்த ஒரு ஆஃப்சைடோடு வருஷமே முடிந்துவிடுகிறது. இன்றைக்கு விட்டதை ஆகஸ்டில் பிடித்துக்கொள்ளலாம் என்று தெரிந்தவன் கல்லெடுக்க இரண்டு தடவை யோசிப்பான். அதோடு லீக்கில் உங்கள் கையில் ஓர் ஆயுதம் உண்டு: கலாட்டா செய்த ஊருக்கு மூன்று பாயிண்ட் கழித்துவிடுங்கள். போலீஸைவிட அது நன்றாக வேலை செய்யும்.

நான்காவது, காசு. நாக்-அவுட் இறுதியாட்டத்துக்குத்தான் கூட்டம், நன்கொடை, விளம்பரத் தட்டி. லீக்கின் ஐந்தாம் வாரத்துக்கு எவன் வருவான்? வரமாட்டான், முதல் வருஷம். நான் பரிசுப் பணமே வேண்டாம் என்கிறேன். வெளியாட்களைக் கொண்டுவரும் காசில் இரண்டு ஊருக்கு ஒரு வருஷத்துப் பந்து வாங்கலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, சென்னை சிட்டி என்ன ஆயிற்று என்பதையும் சொல்லாமல் விட்டால் அது ஏமாற்று. 2019 ஏப்ரலில் சூப்பர் கப்பில், அந்த வருஷத்து ஐ.எஸ்.எல். சாம்பியனான பெங்களூருவை 2-1 என்று வீழ்த்தினார்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல்-ரிஃபாவிடம் அகமதாபாத்தில் ஒரு கோலில் தோற்றார்கள். அதற்கு முன்னும் பின்னுமாக ஆட்கள் சிதறிப்போனார்கள்: நெஸ்தர் ஹைதராபாத்துக்கு, எட்வின் சென்னையினுக்கு, ரொமாரியோ கோவாவுக்கு, மான்சி ஜப்பானுக்கு. 2019 அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பின் சம்மதத்தோடு ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் பிரிவு என்றாகிவிட்டது. ஐ-லீக் சாம்பியன் மேலே ஏற 2022-23 வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். மேலே போக ஏணி வைக்காமல் விட்ட வருஷங்களில் சாம்பியனாக இருந்தார்கள். பிறகு கொரோனா. 2020-21 லீக் முழுக்க மேற்கு வங்கத்திலேயே அடைத்து வைத்து நடத்தினார்கள். அடுத்த சீசன் ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. சாம்பியனாகி மூன்று வருஷம் நிறையவில்லை. 2019 மார்ச்சில் கோவையில் தோற்ற மினர்வாவோ கைமாறி, பெயர் மாறி, 2022-23 ஐ-லீக்கை ஜெயித்து, முதன்முதலாக அந்த ஏணியில் ஏறிய அணி ஆனது.

சூசைராஜும் மேலேதான் போனான். 2019 ஜூனில் தாய்லாந்தில் கிங்ஸ் கப்பில் இந்தியச் சட்டை. 2020 மார்ச்சில், கொரோனாவால் ஆளில்லாத கோவா ஸ்டேடியத்தில், ஏ.டி.கே.யோடு ஐ.எஸ்.எல். கோப்பை, எதிரணி சென்னையின். அந்த நவம்பரில், அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில், கால் மணி நேரம் ஆகுமுன் முழங்கால் போய் அந்த வருஷமே போயிற்று. ஒருவன் காலை நம்பி ஒரு கரையே இருக்க முடியாது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அவனுக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பேர் நிற்க வேண்டாமா?

சென்னை சிட்டி கிளப் போனதற்குப் பணமும் உரிமமும் காரணமாக இருக்கலாம், வேறு ஆயிரம் இருக்கலாம். எனக்குப் பட்டது இது: அது ஒருவர் ஆரம்பித்து, ஒருவர் நடத்தி, அவர்கள் நிறுத்தியதும் நின்றது. கோவைக்காரர்கள் கைதட்டினார்கள், ஆனால் அது அவர்களுடையது அல்ல. சென்னைக்காரர்களுக்கு அது எங்கே ஆடுகிறது என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. உங்கள் கிளப்புகளை அப்படி யாராலும் இழுத்து மூட முடியாது. அவை ஊருடையவை, ஊர் இருக்கும்வரை இருக்கும். எத்தனையோ தடவை கடல் ஆளைக் கொண்டுபோயும் உங்கள் கிளப் நின்றதில்லை. நிற்காத கிளப் உங்களிடம் இருக்கிறது, அதற்கு ஆட ஒரு சீசன் இல்லை. சென்னை சிட்டிக்கு சீசன் இருந்தது, கிளப் நிற்கவில்லை.

ஆகவே காரியத்துக்கு வருவோம். எட்டு ஊருக்கும் பொதுவான கூட்டம் என்றால் தூத்தூரில் கூடுவதுதான் எல்லாருக்கும் தோது. பங்குப் பேரவைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். திருநாள் தேதிகளை அவர்கள் கொடுத்தால்தான் அட்டவணை போட முடியும், திருநாளுக்கு நேராக ஆட்டம் வைத்தால் இரண்டும் கெடும். முதல் வருஷம் 15 வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்தினால்கூடப் போதும். ஓர் ஊருக்கு 18 பெயர், பிறந்த தேதிச் சான்றோடு. வயதைக் குறைத்துக் காட்டினால் அந்த ஆட்டத்தின் மூன்று பாயிண்டும் எதிரணிக்கு. இதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் யாரும் தரமாட்டீர்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யார் ஆடினார்கள், எத்தனை நிமிஷம், யார் கோல் போட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுத ஓர் ஆள் வேண்டும். நன்றாக எழுதத் தெரிந்த பெண் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களில் ஆடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் அப்படியே கணக்கெடுத்துக்கொள்ளுங்கள். நடுவர்கள் என் பொறுப்பு. என்னோடு விசில் பிடித்தவர்களில் இன்னும் ஓடக் கூடியவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். பேட்டா கேட்க மாட்டார்கள், ஆட்டோ காசும் ஒரு சாயாவும் கொடுத்தால் போதும்.

முதல் ஆட்டம் யார் யார் என்று சீட்டுக் குலுக்குங்கள். நானாகச் சொன்னால் இரவிபுத்தன்துறையும் வள்ளவிளையும் என்று சொல்லிவிடுவேன், அப்புறம் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடிப்பீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய விசில் வாத்தியார்
நித்திரவிளை